ஹமீதின் மூன்று பைசா யாருடையது?

பிரேம்சந்தின் 'ஈத்கா' கதையில் அந்த வீட்டின் மொத்த ரொக்கம் இரண்டு அணா, அதாவது எட்டு பைசா. பெருநாள் காலையில் அதில் மூன்று பைசா பேரன் ஹமீதின் சட்டைப்பையில் இருக்கிறது. ஐந்து பைசா பாட்டி அமீனாவின் சுருக்குப்பையில். பையனுக்கு நாலைந்து வயது. தாயும் தகப்பனும் இல்லை. கூட நடந்து வரும் மஹ்மூதிடம் 12 பைசா, மோசினிடம் 15 பைசா. அவர்கள் ராட்டினம் ஏறுகிறார்கள், மிட்டாய் தின்கிறார்கள், களிமண் பொம்மை வாங்குகிறார்கள். ஹமீது ஓர் இரும்புக் கடை முன் நின்று, ஆறு பைசா விலை சொன்ன இடுக்கியை மூன்று பைசாவுக்குப் பேரம் பேசி வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு வருகிறான். ரொட்டி சுடும்போது பாட்டியின் விரல்கள் சுட்டுக்கொள்கின்றனவாம்.

இந்தக் கதையை வகுப்பில் நடத்தும் ஆசிரியர்கள் 'தியாகம்' என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்கள். ஆனால், கதையில் இன்னோர் இடம் இருக்கிறது. இடுக்கியைப் பார்த்ததும் அமீனா முதலில் நெஞ்சில் அடித்துக்கொண்டு திட்டுகிறாள். மத்தியானம் வரை ஒன்றும் தின்னாமல் கிடந்து, கடைசியில் இரும்பைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறானே என்று கோபம். காரணம் தெரிந்த பிறகுதான் அழுகை. ஆக, இந்தியச் சிறுகதைகளிலேயே மிகச் சிறந்த 'ஷாப்பிங்' என்று சொல்லத்தக்கதும் பெரியவர் கண்ணுக்கு முதலில் வெட்டிச் செலவாகத்தான் பட்டது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கையிருப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் தூக்கிக் கொடுத்த அந்த ஏழைக் கிழவி, இன்னதுதான் வாங்க வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் போடவில்லை.

பெரிய மனசுதான். ஆனால், அவள் அப்படி விட்டது சரியா? குடும்பத்தோடு ஊர் சுற்றப் போகும்போது பிள்ளை கையில் கொடுக்கும் காசு உண்மையில் யாருடைய காசு?

மே மாதத்துச் சாயங்காலம் கன்னியாகுமரி கடைத்தெருவில் அரை மணி நேரம் நின்றால், இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது எவ்வளவு சிரமம் என்பது தெரியும். சங்கு, சோழி மாலை, பொட்டலம் பொட்டலமாகக் கலர் மணல், பெயர் எழுதித் தரும் கிளிஞ்சல் என்று வரிசையாகக் கடைகள். நடுவில் ஒரு தள்ளுவண்டியில் பிளாஸ்டிக் பைனாகுலர். பத்து வயதுப் பையன் அதைக் கண்ணில் வைத்துக் கடலுக்குள் நிற்கும் 133 அடி வள்ளுவரைத் தேடுகிறான். இடது கண்ணாடியில் கீறல். வள்ளுவர் இரண்டாகத் தெரிகிறார். விலை 150 ரூபாய். ஊரிலிருந்து கிளம்பும்போது தாத்தா கையில் திணித்த 200 ரூபாய் பையிலேயே இருக்கிறது. "அதெல்லாம் வேண்டாம்டா, ஊர் போறதுக்குள்ள ஒடஞ்சிரும். உருப்படியா ஏதாவது வாங்கு" என்கிறாள் அம்மா. "என் காசுதானம்மா?" என்கிறான் பையன். "உன் காசுதான், யார் இல்லைன்னா? அதுக்காக வீணாக்குவியா?" ஒரே மூச்சில் அவனை உரிமையாளனாக்கி, அந்த உரிமையைப் பிடுங்கியும் ஆயிற்று. (சொந்தக்காரர்கள் கொடுக்கும் நோட்டை, "அம்மாகிட்ட கொடு, பத்திரமா வச்சிருக்கேன்" என்று வாங்கி வைக்கும் வழக்கமும் இந்த வகைதான். அந்தக் கணக்கு எந்த வீட்டிலும் முடிக்கப்பட்டதாகத் தெரியவில்லை.)

பண்டைய ரோமானியர்கள் இதில் ஒளிவுமறைவு இல்லாதவர்கள். தகப்பன் உயிரோடு இருக்கும்வரை மகனுக்குச் சொத்து கிடையாது. மகன் நாற்பது வயதுக்காரனாக இருந்தாலும் அதே சட்டம்தான். ஆனால், ஒரு தொகையைத் தகப்பன் ஒதுக்கித் தருவான். பெகூலியம் என்ற அந்தப் பணத்தை மகன் புழங்கலாம், வியாபாரம் செய்யலாம். சட்டப்படி அது தகப்பனுடையதே. நினைத்தபோது திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அகஸ்டஸ் காலத்தில்தான் போர்ச் சேவையில் ஈட்டியது மட்டும் மகனுக்கே சொந்தம் என்ற விலக்கு வந்தது. நம் ஊர் அம்மா கொடுப்பதும் பெகூலியம்தான். ரோமானியன் அதை 'உன் காசு' என்று பொய் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்திய தர்ம நூல்கள் இந்த விவகாரத்தில் இரண்டு பக்கமும் பேசுகின்றன. மனைவி, மகன், அடிமை மூவருக்கும் சொத்தில்லை, அவர்கள் சம்பாதிப்பதும் அவர்களை உடையவனுக்கே என்கிறது மனு ஸ்மிருதி. யாக்ஞவல்கிய ஸ்மிருதியோ, பாகப்பிரிவினையைப் பேசும் இடத்தில், பெற்றோர் எந்தப் பிள்ளைக்கு எதைக் கொடுத்தார்களோ அது அந்தப் பிள்ளைக்கே சொந்தம் என்று முடித்துவிடுகிறது. அந்த நூலுக்கு விஞ்ஞானேசுவரர் எழுதிய உரையான மிதாட்சரம் இன்னும் ஒரு படி மேலே போய், மூதாதையர் சொத்தில் பிறப்பாலேயே மகனுக்கு உரிமை உண்டு என்றது. தமிழ்நாட்டு இந்துக் குடும்பங்களின் சொத்துரிமை அந்த வழியில் வந்ததே. மகள்களுக்கும் அந்த உரிமை இங்கே 1989-இலும், நாடு முழுக்க 2005-இலும் கிடைத்தது. வயிற்றில் இருக்கும் சிசுவுக்கே பூர்வீக வீட்டில் பங்கு உண்டு. பத்து வயதுப் பையனுக்குத் தாத்தா தந்த காசில் பைனாகுலர் வாங்க வழியில்லை!

கொடுப்பது என்றால் என்ன என்று வேதச் சடங்குகளை ஆராய்ந்த மீமாம்சகர்கள் கறாராக வரையறுத்திருக்கிறார்கள். 'என்னுடையது' என்ற உறவை அறுப்பதும், 'அவருடையது' என்ற உறவை உண்டாக்குவதும் சேர்ந்தால்தான் தானம். முதல் பாதி நடக்காமல் இரண்டாவது நடக்காது. யாகத்தையும் தட்சணையையும் மனதில் வைத்துச் செய்த வரையறை இது. கடற்கரைத் தள்ளுவண்டிக்கும் கச்சிதமாகப் பொருந்துகிறது. இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால் தாத்தா கொடுத்துவிட்டார். அம்மா குறுக்கிட்டு, நடந்து முடிந்த தானத்தை நடக்காததாக்குகிறாள். கொடுத்ததை வீணாக்கும் உரிமையும் கொடுத்ததில் அடக்கம். அந்த உரிமையைப் பிடித்து வைத்துக்கொண்டு மீதியை மட்டும் கொடுக்க முடியாது.

அம்மாவின் கட்சியும் லேசுப்பட்டதல்ல. பெற்ற பிள்ளை தானம் வாங்க வந்தவன் இல்லை, வளர்க்க வேண்டியவன். முழு உரிமையைக் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது வளர்ப்பு ஆகுமா? இந்தியச் சட்டமும் அவள் பக்கம்தான். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி மைனருக்கு ஒப்பந்தம் செய்யும் தகுதியில்லை. அவர் செய்தது செல்லவே செல்லாது என்று 1903-இல் பிரிவி கவுன்சில் மோகிரி பீபி வழக்கில் சொல்லிவிட்டது. சட்டத்தை எழுத்துக்கு எழுத்துப் பிடித்தால் கன்னியாகுமரியில் பாதி வியாபாரம் படுத்துவிடும். அதே நாட்டில், பத்து வயது நிரம்பிய பிள்ளைகள் தாங்களே சேமிப்புக் கணக்கு தொடங்கி நடத்த வங்கிகள் விடலாம் என்று 2025 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது.

இந்த இழுபறிக்கு நடுவே ஒரு பாதை போட்டவர்கள் இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள். அநாதைப் பிள்ளைகளின் சொத்தைப் பொறுப்பில் வைத்திருப்பவர்கள் அவர்களைச் சோதித்துப் பார்த்து, பக்குவம் தெரிந்ததும் ஒப்படைக்க வேண்டும் என்கிறது குர்ஆனின் நான்காம் அத்தியாயம். எப்படிச் சோதிப்பது? காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கம் பின்பற்றப்படும் ஷாஃபி மரபின் நூல்கள் சொல்லும் வழி ஒன்று உண்டு. பருவம் எய்தும் முன்பே பையனைக் கடைக்கு அனுப்ப வேண்டும். விலை கேட்பதும் பேரம் பேசுவதும் அவன் வேலை. விலை படிந்ததும் பொறுப்பாளர் வந்து வியாபாரத்தை முடித்து வைப்பார். கடை வாசலில் யார் எங்கே நிற்க வேண்டும் என்பதுவரை யோசித்திருக்கிறார்கள். ஹமீது அந்தப் பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கியிருப்பான்.

ராவுத்தர்கள் பின்பற்றும் ஹனஃபி மரபு இன்னும் நுணுக்கமானது. விவரம் தெரிந்த சிறுவன் செய்யும் காரியங்களை அது மூன்றாகப் பிரிக்கிறது. அன்பளிப்பு வாங்குவதுபோல் லாபம் மட்டுமே உள்ளது யார் அனுமதியும் இல்லாமல் செல்லும். லாபம், நஷ்டம் இரண்டுக்கும் இடமுள்ள வாங்கல் விற்றல், பொறுப்பாளர் ஒப்புக்கொண்டால் செல்லும். தன் பொருளை இன்னொருவருக்கு இனாமாகக் கொடுப்பது அவனுக்கு நஷ்டம் மட்டுமே. எனவே பொறுப்பாளரே சரி என்றாலும் செல்லாது. 19-ஆம் நூற்றாண்டில் உதுமானியப் பேரரசு தொகுத்த 'மஜல்லா' சட்டத்திலும் இது இடம்பிடித்தது. பிள்ளை ஏமாறலாம், அதில் கற்றுக்கொள்வான். ஆனால், அவனுடைய நல்ல மனதை வைத்து யாரும் அவன் கையைக் காலியாக்கிவிடக் கூடாது என்ற கவலை அதில் தெரிகிறது.

அந்தக் கவலையோடு ஒரு கோயில் உண்டியல் முன்னால் போய் நிற்கலாம். திருச்செந்தூரோ வேளாங்கண்ணியோ, காட்சி ஒன்றுதான். அப்பா பர்ஸைத் திறந்து பத்து ரூபாய் எடுத்துக் குழந்தை கையில் கொடுத்து, தூக்கிப் பிடிக்கிறார். குழந்தை நோட்டை உள்ளே தள்ளுகிறது. "சமர்த்து!" காணிக்கை போட்டது யார்? புண்ணியம் என்று ஒன்று இருந்தால் அது யார் கணக்கில் ஏறும்? பிரெஞ்சில் எழுதிய சிந்தனையாளர் ரூசோ 1762-இல் வெளியிட்ட 'எமீல்' நூலில் இந்தக் காட்சியையே போட்டு உடைக்கிறார். பிள்ளைக்குக் காசு என்பது பையில் கிடக்கும் உலோகத் துண்டு. அதன் அருமை தெரியாது. நூறு பொற்காசைக் கூசாமல் தூக்கிக் கொடுக்கும் பிள்ளை, கையில் இருக்கும் ஒரு கேக்கைக் கொடுக்காது என்கிறார். அதைக் கொடுக்கவைத்தால் அது ஈகை. அவருக்கு முன்னால் இங்கிலாந்தின் ஜான் லாக், 1693-இல், தாராளமாகக் கொடுக்கும் பிள்ளைக்குக் கூடுதலாகத் திருப்பிக் கொடுத்துப் பழக்குங்கள் என்று யோசனை சொல்லியிருந்தார். அது வட்டிக்கடைக்காரனின் தாராளம் என்று ரூசோ எரிந்து விழுகிறார்.

லாக் சொன்னது பெற்றோருக்கு வசதியானது. ரூசோ சொன்னதே பொருந்துகிறது. ஆனால், ரூசோ காணாத ஒன்று இப்போது சேர்ந்திருக்கிறது. அப்பா போனை எடுத்து க்யூஆர் அட்டையில் காட்டுகிறார், டிங் என்கிறது, ஐஸ்கிரீம் வருகிறது. எதுவும் குறைந்ததாகவே தெரியவில்லை. 200 ரூபாயைச் சில்லறையாக மாற்றிக் கொடுத்தால், பஞ்சு மிட்டாய்க்குப் பிறகு எவ்வளவு மிச்சம் என்று பிள்ளை விரல் விட்டு எண்ணும். ராட்டினமா, பைனாகுலரா என்று ஒன்றை விட்டு ஒன்றை எடுக்க வேண்டி வரும். அப்போதுதான் காசு அவனுக்குக் கேக் ஆகிறது. அதிலிருந்து அவனாக ஐந்து ரூபாயை உண்டியலில் போட்டால், அது அவன் காணிக்கை. போடாவிட்டால் சாமி கோபித்துக்கொள்ளாது.

இரண்டாம் நாள்தான் நிஜமான சங்கடம். ஒரு வீட்டில் அக்கா, தம்பி இருவருக்கும் பயணக் காசு கொடுத்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். தம்பி முதல் சாயங்காலமே 200 ரூபாயையும் முடித்துவிட்டு, அடுத்த நாள் அழுகிறான். அக்காவிடம் 140 ரூபாய் அப்படியே இருக்கிறது. தம்பிக்கு இன்னும் நூறு கொடுப்பதா?

லூக்கா நற்செய்தியில் வரும் ஊதாரி மகன் உவமையை இந்தக் கோணத்தில் வாசித்தால் அது ஒரு பயணக் காசுக் கதை. இளையவன் பங்கைக் கேட்கிறான். தகப்பன் நிபந்தனையின்றிப் பிரித்துக் கொடுக்கிறார். தூர தேசம் போய் எல்லாவற்றையும் அழித்துவிட்டு வருகிறான். தகப்பன் ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறார். மேலாடை, மோதிரம், செருப்பு, விருந்து எல்லாம் உண்டு. கணக்கு மட்டும் கேட்கவில்லை. இதுவரை பிரசங்கங்களில் வருவதுதான். ஆனால், அழித்த பங்குக்கு ஈடாக இன்னொரு பங்கைத் தகப்பன் பிரித்துக் கொடுத்ததாகக் கதையில் இல்லை. தன்னிடம் உள்ளதெல்லாம் மூத்தவனுடையது என்றே அவனிடம் சொல்கிறார். அழும் தம்பிக்கும் அந்த நியாயம் போதும். பரோட்டா உண்டு, படகுச் சவாரி எல்லோரோடும் உண்டு, மடியும் உண்டு. இன்னொரு 200 ரூபாய் கிடையாது. முதல் நாள் ஏன் செலவழித்தாய் என்ற விசாரணையும் கிடையாது.

உவமையில் மூத்தவனுக்கு ஒரு மனக்குறை இருக்கிறது, அதைப் பெரும்பாலும் பொறாமை என்று தள்ளிவிடுகிறோம். இத்தனை வருடம் உழைத்தும், நண்பர்களோடு சந்தோஷமாக இருக்கத் தனக்கு ஓர் ஆட்டுக்குட்டியாவது தந்ததுண்டா என்று கேட்கிறான். எல்லாமே உன்னுடையதுதானே என்று தகப்பன் சொல்கிறார். பைனாகுலர் கேட்ட பையனிடம் அம்மா சொன்னதற்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கும் பதில். எல்லாம் அவனுடையது, இஷ்டப்படி அறுத்துத் தின்ன ஒரு குட்டி மட்டும் கையில் இல்லை.

அக்காவின் 140 ரூபாயும் பெரும்பாலும் அந்த வழியே போகிறது. ஊர் திரும்பும் ரயிலில் அவளைப் பாராட்டி, நோட்டை வாங்கி ஹேண்ட்பேக்கில் வைத்து, ஜூனில் ஸ்கூல் ஷூ வாங்கும்போது அதோடு சேர்த்துவிடுகிறார்கள். ஷூ வாங்கித் தருவது பெற்றவர்கள் கடமை. கன்னியாகுமரிக்குப் போகாவிட்டாலும் வாங்கியிருப்பார்கள். அந்த 140 ரூபாய் அவள் ஊர் சுற்றக் கொடுத்தது. அங்கே அவளுக்குப் பிடித்ததாக எதுவும் கண்ணில் படவில்லை என்பதால் அது வீட்டுச் செலவுக் கணக்குக்குத் திரும்பிவிடாது. அடுத்த பொருட்காட்சியிலோ தெருமுனை பஜ்ஜிக் கடையிலோ அவள் அதை ஊதித் தள்ளினாலும் தள்ளட்டும்.