நாடாவில் அடைபட்ட நாதம்

கச்சேரி மேடையில் தம்புராவைக் கேட்டும் கேளாமலும் இருந்து பழகியவர்கள் நாம். அது தாங்கி நிற்க, அதன்மேல் ராகம் எழ வேண்டும். எழவேயில்லை என்றால்? தாங்கும் சுருதியே இசையின் முழு உடலும் ஆகிவிட்டால்? அமெரிக்க வயலின் கலைஞர் டோனி கான்ராட் இந்தக் கேள்விக்குள்ளேயே வாழ்ந்தவர்.

ஹார்வர்டில் கணிதம் படித்து 1962-இல் பட்டம் பெற்றவர் அவர். அறுபதுகளின் முற்பாதியில் நியூயார்க்கில் லா மாண்டி யங், மரியன் ஜசீலா, ஜான் கேல் ஆகியோருடன் சேர்ந்து, நெடுநேரம் மாறாமல் நீளும் நாதங்களை வாசித்தார். சட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் உள்ள 3:2 போன்ற தூய விகிதங்களில் அவை இசைந்து நிற்கையில், எவருடைய வில்லிலிருந்தும் புறப்படாத ஓர் ஒலி நடுவில் பிறக்கும். அது யாருடையது?

வாசித்துக்கொண்டிருந்த வரையில் இதைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. பிற்பாடுதான் சச்சரவு மூண்டது. எழுதிவைத்த ஸ்வரக்குறிப்பு இல்லை, கூடி நின்று, ஒருவரை ஒருவர் கேட்டு இழைத்ததுதான் இசை, ஆகவே அது எல்லோருடைய ஆக்கம் என்றார் கான்ராட். இயற்றியவர் தாமே என்றார் யங். குழுவுக்கு அடித்தளமிட்டவர் என்ற வகையில் அவர் தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் அந்த வாசிப்புகளைப் பதிவுசெய்த ஒலிநாடாக்கள் யங்கிடம் இருந்தன. 1990-இல் பஃபலோவில் அவருடைய கச்சேரி நடந்தபோது, அந்நகரப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்த கான்ராட் எதிர்ப்புத் தெரிவித்து வெளியே நின்றார்.

இயற்றியவர் என்ற ஒற்றை அதிகாரத்தையே கலைக்க விரும்பியவர் உரிமை கேட்டு வீதியில் நிற்கலாமா என்று கேட்போர் உண்டு. நிற்கலாம், நிற்கவும் வேண்டும் என்பேன். ஒலித்துக்கொண்டிருக்கும்வரை நாதம் காற்றைப்போல் பொதுவில் இருக்கிறது. அதைப் பிடித்து ஒரு பொருளாக்கி அலமாரியில் வைத்த கணத்தில், பலர் தம் பெயரை மறந்து கூடியதால் மட்டுமே பிறக்க முடிந்த ஒன்று, பூட்டின் சாவி யாரிடம் இருக்கிறதோ அவர் பெயரை ஏற்றுக்கொள்கிறது. அப்போது வாய்மூடி இருப்பதைப் பற்றின்மை என்று சொல்லிக்கொள்வது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது, ஏனெனில் எல்லோரும் துறந்ததை ஒருவர் மட்டும் எடுத்துக்கொள்ளும்போது, அந்தத் துறவு அவருக்கு நாம் எழுதிக்கொடுத்த பட்டாவாகிவிடுகிறது.

கான்ராட் புலம்பலோடு நிற்கவில்லை என்பதுதான் அவர் வாழ்வில் எனக்குப் பெரிதாகப் படுகிறது. கைக்கு எட்டாத அந்த இசையின் உலகத்துக்குள் மீண்டும் புகுந்து புதிதாக வாசித்து, 1997-இல் ‘எர்லி மினிமலிசம்’ என்ற தொகுப்பாக வெளியிட்டார். எழுபதுகளிலேயே ‘யெல்லோ மூவிஸ்’ என்ற வரிசையில், மலிவான வெள்ளைச் சாயத்தைக் காகிதத்தில் பூசி, அது ஆண்டுக்கணக்கில் பழுப்பேறுவதையே திரைப்படம் என்று அறிவித்த குறும்பரும் அவர்தான். அந்தப் படத்தின் இயக்குநர் காலம். காலத்தோடு பங்குச் சண்டை கிடையாது. மனிதரோடு உண்டு, அதை நடத்தியே தீரவேண்டும்.

கான்ராட் 2016 ஏப்ரலில் மறைந்தார். பழைய ஒலிநாடாக்களில் பெரும்பகுதி அவர் வாழ்நாளில் வெளிவரவில்லை.