கம்பெனிக்குக் கப்று உண்டா?

நம் வாப்பாமார் காலத்தில் தராசைத் தொடும்போது ஒரு பயம் இருந்தது. எடைக்கல்லைச் சோதிக்க வரும் அதிகாரியைப் பற்றிய பயம் அல்ல. கப்றில் கேட்கப்படும் கேள்வியைப் பற்றிய பயம். அளவையில் மோசம் செய்வோரைக் கண்டித்து ஒரு சூராவே உண்டென்று ஓதிய பிள்ளைகள் நாம். ஆனால் சகோதரர்களே, கம்பெனிக்குக் கப்று உண்டா? அதை எழுப்பிக் கேள்வி கேட்பவர் யார்?

நம் சிங்கப்பூரில் நடந்ததையே பாருங்கள். உறைய வைக்காத கோழியை விநியோகித்த 13 கம்பெனிகள், 2007 முதல் 2014 வரையிலாவது, விலையை எப்போது, எவ்வளவு ஏற்றுவது என்று கலந்து பேசி வந்தன. ஒருவர் வாடிக்கையை மற்றவர் தொடுவதில்லை என்றும் ஏற்பாடு. இந்நாட்டில் விற்ற அத்தகைய கோழியில் 90 விழுக்காட்டுக்கு மேல் இவர்கள் கையில் இருந்தது. 2018 செப்டம்பரில் போட்டித்தன்மை ஆணையம் விதித்த அபராதம், மொத்தம் சுமார் 2 கோடி 69 இலட்சம் வெள்ளி.

அவர்களைத் தூற்ற நாம் வரவில்லை. பல வருஷங்களுக்கு முன், நோன்பு பிறக்குமுன், தேத்தண்ணிக் கடையில் நாமும் மற்றும் ஐந்து கடைக்காரர்களும் உட்கார்ந்து பேரீச்சம்பழத்துக்கு ஒரே விலை வைத்தோம். கலப்படம் இல்லை, எடைக்குறைவு இல்லை. ஒற்றுமை என்றே அதற்குப் பெயரிட்டோம். கிலோவுக்கு ஒரு வெள்ளி கூடுதலாகக் கொடுத்துப் போன கிழவியின் ஹக்கு நம் கல்லாவில் கிடந்தது என்பது, கோழி வழக்கைப் பத்திரிகையில் படித்த அன்றுதான் உறைத்தது.

அதன்பின் அப்படிக் கூடவில்லை. மனம் திருந்தியா, அபராதத்துக்கு அஞ்சியா? உள்ளதைச் சொன்னால், முதலில் அஞ்சியது கை. மனம் பின்னால் வந்தது. பயந்து வந்த நேர்மை நேர்மைதானா என்று ஆலிம்கள் விவாதிக்கட்டும். கிழவிக்கு அந்த விவாதம் வேண்டாம். அவள் வெள்ளி அவள் முந்தானையில் இருந்தால் போதும்.

மனிதனுக்காவது பின்னால் வர ஒரு மனம் உண்டு. கம்பெனிக்கு இருப்பது கணக்குப் புத்தகம் மட்டுமே. அபராதம் லாபத்தைவிடக் குறைந்தால், கடை வாடகையைப் போல அதையும் செலவில் எழுதிவிடும். அதனால்தான் குற்றம் நடந்த ஒவ்வொரு வருஷத்துக்கும், மூன்று வருஷம் வரை, இங்குள்ள விற்பனையில் 10 விழுக்காடு வரை அபராதம் போடச் சட்டம் இடம் தருகிறது. கூட்டாளிகளில் முதலில் வந்து உண்மையைச் சொல்பவருக்கு முழு அபராதமும் தள்ளுபடியாகலாம். இது காட்டிக்கொடுப்பதல்லவா என்று நம்மவர் சிலர் முகம் சுளிக்கிறார்கள். அநியாயத்துக்குச் சேர்ந்த கூட்டத்தில் விசுவாசம் எதற்கு என்பது நம் கேள்வி.

ஒரு குறை இன்னும் நெருடுகிறது. இங்கே அபராதம் கம்பெனியின் பெட்டியிலிருந்து போகிறது; மேசையைச் சுற்றி அமர்ந்து பேசியவர் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கலாம். அமெரிக்காவில் இக்குற்றத்துக்கு 10 வருஷம் வரை சிறை உண்டு. இங்கும் அப்படி வேண்டுமென்று கேட்க நமக்கு வாய் வரவில்லை. அந்த மேசையில் இருந்தவரல்லவா நாம்!

சென்ற நோன்புக்கு முன், அதே தேத்தண்ணிக் கடையில் பழைய நண்பர் ஒருவர் விலைப் பேச்சை எடுத்தார். தேத்தண்ணிக்குக் காசை வைத்துவிட்டு நாம் எழுந்தோம். ஏன் என்று அவர் கேட்கவில்லை.