பிள்ளை யாருடைய அமானிதம்?

கணவன் மனைவி பிரிந்தால் பிள்ளை யாரிடம் இருப்பது? நமது இல்லங்களில் இக்கேள்வி எழும்போதெல்லாம் 'என் பிள்ளை', 'எங்கள் வமிசம்' என்ற குரல்களே ஓங்குகின்றன. பிள்ளைக்கு எது நலம் என்று கேட்போர் சிலரே.

ஹஸ்ரத் உமர் (ரலி) அவர்கள் தாம் தலாக் கொடுத்த மனைவிக்குப் பிறந்த ஆஸிம் என்ற சிறுவரைத் தம்முடன் அழைத்துச் செல்ல முயன்றார்கள். சிறுவரின் பாட்டியார் தடுத்தார். வழக்கு ஹஸ்ரத் அபூபக்கர் (ரலி) அவர்களிடம் வந்தது. பிள்ளையைப் பாட்டியிடமே விட்டுவிடுமாறு தீர்ப்பளித்தார்கள். உமர் (ரலி) அவர்கள் மறுத்துப் பேசவில்லை. தந்தையின் அந்தஸ்து அங்கே எடுபடவில்லை.

ஹனஃபி மத்ஹபில் ஆண் பிள்ளை ஏழு வயது வரை தாயிடம் இருக்கும். ஷாஃபிஈ மத்ஹபில் விவரம் தெரிந்த பிள்ளையே தாய் தந்தையரில் ஒருவரைத் தேர்ந்துகொள்ளும். வயதில் கருத்து வேறுபட்டாலும், வளர்ப்பவர் நம்பிக்கைக்குரியவராக இருக்க வேண்டும் என்பதை இமாம்கள் வலியுறுத்தினர். நம் நாட்டின் 1890-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டமும் பிள்ளையின் நலனையும், காப்பாளரின் நடத்தையையும், விவரமறிந்த பிள்ளையின் விருப்பத்தையும் பார்க்கச் சொல்கிறது. 1984-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த குடும்ப நீதிமன்றங்கள் நலத்துறை வல்லுநர்களின் உதவியையும் பெறலாம்.

சோதனை வேறிடத்தில் இருக்கிறது. பிள்ளை வாழும் வீட்டிலேயே அதற்குத் தீங்கிழைப்பவர் இருந்தால்? 'முஸ்லிமின் குறையை மறைப்பது நன்மையல்லவா?' என்று சிலர் வாய்மூடுகின்றனர். ஒருவன் தனக்கும் தன் ரப்புக்கும் இடையில் செய்த பாவத்தை மறைப்பது வேறு. பிறர்மீது நடக்கும் அநீதியை மறைப்பது வேறு. அநீதி செய்பவனின் கையைப் பிடித்துத் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்துள்ளார்கள். பாலியல் கொடுமையை அறிந்தும் தெரிவிக்காமலிருப்பது 2012-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமுமாகும். 1098 என்ற எண்ணில் முறையிடலாம்.

அதே வேளையில், வழக்கில் வெல்வதற்காகப் பொய்ப்பழி சுமத்துவதும் பெரும்பாவமே. அது அப்பாவியைக் கெடுப்பதுடன், உண்மையாகவே துன்புறும் பிள்ளையின் சொல்லையும் நம்பவிடாமல் செய்துவிடும். ஆகவேதான் செய்தியைத் தீர விசாரிக்கும்படி குர்ஆன் கட்டளையிடுகிறது. ஆனால் விசாரிக்கும் வரை பிள்ளையைத் தீங்கின் அருகிலேயே விட்டுவைப்பது விசாரணையாகாது.

பெற்றோருக்கும் உறவினருக்கும் எதிராயினும் நீதிக்குச் சாட்சி சொல்லுங்கள் என்பது இறைகட்டளை. குடும்ப மானம் அதற்கு விதிவிலக்கன்று. பிள்ளை அல்லாஹ்வின் அமானிதம். அதைப்பற்றி நாம் ஒவ்வொருவரும் கேட்கப்படுவோம். அந்நாளில் வெட்கப்படாதவர்களாக அவன் நம்மை ஆக்குவானாக! ஆமீன்.