காலி அறையில் ஓடிய மின்விசிறி

இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டின் மூன்று மின்விசிறிகளையும் மாற்றினோம். பழையவை ஒவ்வொன்றும் 75 வாட். புதியவை பிஎல்டிசி மோட்டார் வைத்தவை, முழு வேகத்தில் 28 வாட். சென்னைப் புழுக்கத்தில் நாளுக்கு 16 மணி நேரம் விசிறி ஓடுவது சாதாரணம். அப்படி ஓடினால் பழையது இரண்டு மாதத்தில் 72 யூனிட் இழுக்கும். புதியதற்கு 27 போதும். ஒரு விசிறிக்கு 45 யூனிட் மிச்சம் என்று எழுதிப் பார்த்தபோது மனம் நிறைந்துவிட்டது.

கோடையில் 430 யூனிட் காட்டிய மீட்டர், மாற்றிய பிறகு 310 காட்டியது. அடுத்த ஆண்டு அதே சித்திரை, வைகாசியில் எண் மீண்டும் ஏறியது. புதிதாக எந்தச் சாதனமும் வாங்கவில்லை. எங்கே போனது அந்தக் கூடுதல் மின்சாரம்?

விடையைக் கண்டுபிடித்தது அம்மாதான். ஒருநாள் மதியம் சமையலறையிலிருந்து வந்தவர் கூடத்தில் நின்றார். ஆள் இல்லை, விசிறி சுழன்றுகொண்டிருந்தது.

"யாருமில்லாத ரூமுக்கு எதுக்குடா காத்து?"

"அது கரண்டே இழுக்காது பாட்டி" என்றான் என் மகன்.

"கொஞ்சமா இழுக்குதுன்னா சும்மா ஓடலாமா?"

அறையை விட்டு வெளியேறும்போது அம்மாவின் கை தானாகச் சுவிட்சுக்குப் போகும். பழைய வீட்டில் சுவிட்சுப் பலகையைச் சுற்றி, அவர் விரல் பட்டுப் பட்டுச் சுவரே கறுத்திருந்தது. புதிய விசிறிகளோடு ரிமோட் வந்தது. ரிமோட் தலையணைக்கு அடியில் கிடக்கும். எழுந்து போகிறவர் அதைத் தேடுவதில்லை. சுவரில் இருக்கும் சுவிட்சை எல்லோரும் மறந்தே போனோம்.

இது எங்கள் வீட்டில் மட்டும் நடப்பதல்ல. நீராவி இயந்திரங்கள் குறைந்த கரியில் கூடுதல் வேலை செய்யத் தொடங்கிய பிறகு இங்கிலாந்தில் கரிச் செலவு குறையவில்லை, பெருகியது என்று பொருளியலாளர் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் 1865-லேயே எழுதினார். மலிவானதும் தாராளம் வந்துவிடுகிறது. ஸ்டார் முத்திரை பெறும் அறை ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று 2020 முதல் விதி இருக்கிறது. நல்ல விதி. ஆனால் ரிமோட்டை எடுத்து 18-க்குக் கொண்டுபோவது நம் விரல்தானே!

தமிழ்நாட்டில் காற்றாலைகளும் சூரிய மின்தகடுகளும் நிறையவே உண்டு. ஆனாலும் பொழுது சாய்ந்து, எல்லா வீட்டிலும் விசிறி சுழலும் நேரத்தில் பெரும்பாரத்தைச் சுமப்பவை அனல்மின் நிலையங்கள். ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 700 கிராம் நிலக்கரி எரிகிறது. நம் நாட்டு நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்கு சாம்பல். ஒரு விசிறி இரண்டு மாதத்தில் மிச்சப்படுத்தும் 45 யூனிட் என்பது முப்பது கிலோ கரி, பத்து கிலோ சாம்பல். அனல்மின் நிலையங்கள் உள்ள எண்ணூரில், கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தில் சேறோடு சேறாக இப்படிப்பட்ட சாம்பல் படிந்திருக்கிறது. வலை வீசிப் பிழைத்த மீனவர்கள் அதற்குள் இறங்கி நிற்கிறார்கள். எங்கள் வீட்டிலிருந்து அந்த இடம் ஒரு மணி நேரப் பயணம். அதை நினைத்தபின் காலி அறையில் சுழலும் விசிறியை என்னால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

மின்சாரத்தை மிச்சப்படுத்தும் பொருளை வாங்கியதோடு கடமை முடிந்தது என்று நான் நினைத்தது தவறு. விசிறியை வாங்கியது ஒருநாள் வேலை. அணைப்பது தினசரி வேலை. இப்போது எங்கள் ரிமோட்டுகள் சுவிட்சுப் பலகைக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகின்றன. எடுத்தவர் அங்கேயே திரும்ப மாட்ட வேண்டும். மாட்டப் போகும் கை, சுவிட்சையும் தட்டிவிட்டு வருகிறது. இந்த ஆண்டு கோடைக் கணக்கு 305 யூனிட்.

அடுத்த முறை ரீடிங் எடுத்துவிட்டுப் போனதும் ரூபாயைப் பார்க்கும் முன் யூனிட்டைப் பாருங்கள். சென்ற ஆண்டு இதே மாதங்களில் எவ்வளவு என்று எடுத்துப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.