அந்தப் பத்தாண்டில் கொங்கு

சீடன்: ஐயா, கி.பி. 60 முதல் 70 வரை பேரரசுகளில் நடந்தவற்றை ஒரே தாளில் கட்டம் கட்டி எழுதினேன். 63-இல் ரோமும் பார்த்தியாவும் சமாதானம் செய்கின்றன. 64-இல் ரோம் நகரம் எரிகிறது. 69-இல் ஒரே ஆண்டுக்குள் அங்கே நான்கு பேரரசர்கள். 70-இல் எருசலேம் கோயில் அழிகிறது. சீனத்தில் ஹான் பேரரசர் மிங் ஆள்கிறார். லுவோயாங்கில் வெள்ளைக்குதிரை விகாரை 68-இல் எழுந்ததாக மரபு. கொங்கில் கொல்லிமலை அடிவாரத்து நம் எருமப்பட்டிப் பக்கத்துக்கும் ஒரு கட்டம் போட்டேன். அது மட்டும் வெறுமையாக நிற்கிறது.

குரு: கட்டம் போட்டது நீதானே, தம்பி. கி.பி. என்ற கணக்கே ஆறாம் நூற்றாண்டில் டயோனிசியஸ் என்ற துறவி வகுத்தது. ரோமன் தன் ஆண்டுக்குக் கான்சல்கள் என்ற ஆட்சித்தலைவர்களின் பெயரைச் சொன்னான்; சீனன் அரசனின் ஆட்சியாண்டை எண்ணினான். உன் பத்தாண்டில் வாழ்ந்த எவருக்கும் அது ஒரு பத்தாண்டு என்று தெரியாது. பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டால் இரண்டு நிகழ்ச்சிகளுக்கு உறவு வந்துவிடாது. ஓரிடத்தில் நடந்தது இன்னோரிடத்தில் ஒருவன் கையிலோ வயிற்றிலோ பட்டிருக்க வேண்டும். நான்கு பேரரசர்கள் கொங்கைத் தொட்டதற்குச் சான்று காட்ட முடியாது. நீ எழுதாமல் விட்ட ஒன்று தொட்டது. 64-ஐ ஒட்டி ரோமப் பேரரசன் நீரோ நாணயத்தில் கை வைத்தான். அதற்கு முன் ஒரு ரோம இராத்தல் வெள்ளியில் 84 தெனாரியஸ் காசு அடிப்பார்கள்; அவன் 96 ஆக்கினான், செம்பையும் கூட்டினான். இனி நம் பக்கம் பார். கொங்கின் வெள்ளலூரில் 1842-இல் கிடைத்த வெள்ளிக் காசுகளில் மிகப் பெரும்பாலானவை நீரோவுக்கு முந்தைய பேரரசர்களான அகஸ்டஸும் திபேரியஸும் வெளியிட்டவை. தமிழகத்தின் மற்றக் குவியல்களும் ஏறக்குறைய இதையே சொல்கின்றன. நீரோ மாற்றியபின் அடித்த வெள்ளி இங்கே மிக அரிது.

சீடன்: வணிகமே படுத்துவிட்டதால் காசு வராமல் போயிருக்கலாம் அல்லவா? அதற்கு நீரோவின் கலப்படத்தை ஏன் இழுக்க வேண்டும்?

குரு: படுக்கவில்லை. 77-இல் தன் நூலை முடித்த ரோம எழுத்தாளர் பிளினி, ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் என்ற ரோமக் காசு இந்தியாவுக்குப் போகிறது என்று புலம்புகிறார். கறுப்பு மிளகு இராத்தல் 4 தெனாரியஸ் என்று விலையும் எழுதிவைத்திருக்கிறார். இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் எழுதப்பட்ட முசிறித் துறைமுக வணிக ஒப்பந்தத் தாள் ‘ஹெர்மபொல்லோன்’ என்ற ஒரு கப்பலின் சரக்கை மட்டும் ஏறத்தாழ 70 லட்சம் செஸ்டர்ஸ் என மதிப்பிடுகிறது. கப்பல் வந்தது, மிளகு போனது, தங்கக் காசும் வந்துகொண்டிருந்தது. அருகியது வெள்ளி மட்டுமே.

சீடன்: நீரோ தங்கக் காசின் எடையையும் குறைத்தானே. வெள்ளியை ஒதுக்கியவர்கள் தங்கத்தை ஏன் வாங்கினார்கள்?

குரு: நல்ல இடத்தில் பிடித்தாய். தங்கத்தின் எடைதான் குறைந்தது, மாற்று குறையவில்லை. எடைக் குறைவைத் தராசு சொல்லிவிடும், விலையைத் திருத்திக்கொண்டு வாங்கலாம். வெள்ளிக்குள் ஒளிந்த செம்பைத் தராசு சொல்லாது. ஒவ்வொரு காசையும் தட்டான் பட்டறைக்குத் தூக்கிப்போய் உருக்கிப் பார்க்கவா முடியும்? நீரோவுக்கு முன் ஆண்ட கிளாடியஸ் காலத்தில் இலங்கை அரசன் ஒருவன், வேறு வேறு முகம் பொறித்த தெனாரியஸ்கள் ஒரே எடையில் இருப்பதைக் கண்டு ரோமரின் நேர்மையை மெச்சினான் என்று அதே பிளினி எழுதுகிறார். கதையில் கொஞ்சம் தற்பெருமை இருக்கிறது, இருக்கட்டும். இந்தக் கரையில் காசை முகம் பார்த்து வாங்கவில்லை, நிறுத்துத்தான் வாங்கினார்கள் என்பது அதில் தெரிகிறது.

சீடன்: இன்னும் ஒன்று உறுத்துகிறது. திபேரியஸ் இறந்தது 37-இல். அவன் காசு 50-இலும் வந்திருக்கலாம், 90-இலும் வந்திருக்கலாம். அதை வைத்து 60 முதல் 70 வரையுள்ள கட்டத்தை எப்படி நிரப்புவது?

குரு: காசின் ஆண்டு புதைத்த ஆண்டு ஆகாதுதான். பழைய நல்ல வெள்ளியைத் தேடித் திரட்டி 64-க்குப் பிறகும் இங்கே அனுப்பியிருப்பார்கள் என்று சொல்வாரும் உண்டு. அப்படியே வைத்துக்கொள். இங்கே சரக்கு வாங்க வந்த அலெக்சாந்திரியா வணிகன் மெனக்கெட்டுப் பழங்காசு பொறுக்கியதற்குக் காரணம் இங்கே புதுக்காசு செல்லாமல் போனதுதானே? எந்த வழியில் போனாலும் முடிவு இந்தக் கரையில் எடுக்கப்பட்டது. கொங்கைப் பேரரசுகளின் ஓரத்துச் சிற்றூராக எழுதும் பழக்கம் நமக்கே ஒட்டிக்கொண்டுவிட்டது. கரூர் அமராவதி ஆற்று மணலில் ரோமக் காசும் சேரர் காசும் கலந்து கிடைக்கின்றன. கொடுமணலில் மணிக்கல் பட்டறைகள் நடந்தன. கொள்ளவும் தள்ளவும் தெரிந்தவர்கள் இருந்த நாடு இது.

சீடன்: அப்படியானால் சீனத்துக் கட்டத்தை அழித்துவிடட்டுமா?

குரு: அழிக்காதே, தனித்தாளில் வை. கொங்கோடு அதைக் கட்டும் கயிறு உன் கையில் இல்லை. நம் கட்டத்தில் இப்படி எழுது: ‘64-க்குப் பின் அடித்த ரோம வெள்ளி இங்கே அரிது, தங்கம் தொடர்ந்தது, மிளகு ஏற்றுமதி நிற்கவில்லை.’ அரசன் பெயர் இல்லையே என்று ஒரு சேரனைக் கொண்டுவந்து அங்கே உட்காரவைக்காதே.