நாக்கின் சாட்சியம்

சுவையில் சரி பிழை இல்லை, அவரவர் நாக்குக்குப் பிடித்ததே அவரவருக்குச் சுவை என்று எல்லோரும் சொல்கிறோம். வெள்ளவத்தைச் சாப்பாட்டுக் கடையில் சாம்பாரைப் பற்றி எழும் வாக்குவாதம் இந்த ஒரு வசனத்தோடு முடிந்துவிடும். ஆனால் அதே கொழும்பு நகரம், முதலாவது பகிரங்கத் தேயிலை ஏலம் நடந்த 1883 ஜூலை 30ஆம் திகதியிலிருந்து, இதற்கு நேர்மாறான நம்பிக்கையின் மேல் வணிகம் நடத்தி வருகிறது. தரகு நிறுவனங்களின் சுவைப்பாளர்கள் ஒவ்வொரு மாதிரியையும் அளந்த கொதிநீரில் ஊறவைத்து, உறிஞ்சி, வாயில் சுழற்றி, துப்பிவிட்டுத் தரம் சொல்கிறார்கள். அந்தச் சொல்லை ஒட்டியே விலை பேசப்படுகிறது. இரண்டு நம்பிக்கையும் ஒருங்கே உண்மையாக இருக்க முடியாது. நாக்கின் தீர்ப்புக்கு மெய் பொய் கிடையாது என்றால் அந்த ஏலம் தலைமுறை தலைமுறையாக நடக்கும் ஏமாற்று. உண்டு என்றால், நாக்கை அடக்கு என்றே நமக்குச் சொல்லித்தந்த சமயம் அந்தப் பொறியின் அறிவை எங்கே வைக்கும்? இது அறிவைப் பற்றிய கேள்வி. ஆனபடியால் சமயத்தைப் பற்றிய கேள்வியும்கூட.

விடைக்கான கருவி நம் மரபிலேயே இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார், காட்சி அளவையை, அதாவது நேரே கண்டறியும் வழியை, நான்காகப் பிரிக்கிறது: வாயிற்காட்சி, மானதக் காட்சி, தன்வேதனைக் காட்சி, யோகக் காட்சி. பொறியில் ஒன்று பட்டு, பெயரும் இனமும் தெளியாமல் ஏதோ இருக்கிறது என்ற அளவில் நிற்பது வாயிற்காட்சி. அதையே மனம் பற்றி, இன்ன பொருள், இன்ன குணம் என்று தெளிவது மானதக் காட்சி. அராகம் (ஆசை) முதலிய தத்துவங்களின் வழியே உயிர் இன்பத்தையும் துன்பத்தையும் நுகர்வது தன்வேதனைக் காட்சி. யோகக் காட்சி நமக்கு இங்கே தேவையில்லை. ஒரே மிடறு மற்ற மூன்றையும் ஒரே கணத்தில் எழுப்பிவிடுவதால் நாம் அவற்றை ஒன்றாகவே எண்ணிவிடுகிறோம். "இதில் கராம்பு மணக்கிறது" என்பது பொருளைப் பற்றிய கூற்று. அது பிழையாகலாம், ஆகவே சரியாகவும் ஆகலாம். "இது எனக்குப் பிடிக்கிறது" என்பது என்னைப் பற்றிய கூற்று; அதை எவரும் மறுக்க முடியாது, அதனால் எவருக்கும் எதையும் நிறுவவும் முடியாது. சுவையில் சரி பிழை இல்லை என்ற பேச்சு இரண்டாவது கூற்றுக்கு மட்டுமே பொருந்தும். அதை முதலாவதற்கும் நீட்டியதுதான் நாம் செய்யும் பிழை.

இந்தப் பிரிப்பு தாங்குமா என்று பார்க்க, கடினமான ஒன்றை எடுத்துக்கொள்வோம். தேநீரைப் பெரும்பாலான சமயங்கள் கடிந்து பேசுவதில்லை, பியர் அப்படியல்ல. அமெரிக்காவில் 1985இல் தொடங்கிய பியர் நடுவர் சான்றிதழ்த் திட்டம் 'அமெரிக்கக் கோதுமை பியர்' என்ற வகைக்கு எழுதிவைத்திருக்கும் இலக்கணம் தெளிவானது. வெளிர் வைக்கோல் நிறத்திலிருந்து பொன்னிறம் வரை இருக்கலாம்; மதுசாரம் ஏறத்தாழ 4 முதல் 5.5 வீதம், கோதுமை தரும் மாவுத்தன்மையும் ரொட்டி வாசமும் தெரிய வேண்டும், ஹொப்ஸின் எலுமிச்சை, பூ வாசங்கள் இருக்கலாம். ஆனால் ஜெர்மானியக் கோதுமை பியரின் அடையாளமான வாழைப்பழ வாசமும் கராம்பு வாசமும் இங்கே குற்றம். நடுவரின் 50 புள்ளிகளில் மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் கனத்துக்கு 5, மொத்த மதிப்புக்கு 10. பிடித்தது, பிடிக்கவில்லை என்று சொல்ல நடுவருக்கு இடமிருந்தால், அது கடைசிப் பத்தின் ஒரு மூலைதான். கராம்பை உயிராய் விரும்பும் நடுவர்கூட, இந்த வகையில் கராம்பைக் கண்டால் புள்ளி குறைக்கக் கடமைப்பட்டவர். தன்வேதனையைக் கட்டிவைத்து மானதக் காட்சியைப் பேசவிடும் பயிற்சி இது.

இங்கே ஒரு தடை எழும். ஜெர்மனியில் குணமாவது அமெரிக்க வகையில் குற்றமாவது ஏன்? சிலர் கூடி எழுதிய விதி அது என்றால், தீர்ப்பு வெறும் ஊர்வழக்குத்தானே? விதி மனிதர் வகுத்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வெண்பாவின் தளையும் மனிதர் வகுத்ததே. ஆனால் ஒரு குறிப்பிட்ட வெண்பாவில் தளை தட்டுகிறதா என்பது எவருடைய விருப்பத்தையும் கேட்டு முடிவாவதில்லை. கராம்பு மணமும் அப்படியே. தானியத்திலிருந்து வரும் ஃபெரூலிக் அமிலத்தைச் சில மதுவ இனங்கள் 4-வைனைல் குவாயாகோல் என்ற சேர்வையாக மாற்றுகின்றன. அந்த மணத்துக்குக் காரணம் அதுவே. அமெரிக்க வகைக்குப் பயன்படும் மதுவங்கள் பொதுவாக அதைச் செய்வதில்லை. அளவுகோலை மனிதர் தெரிவு செய்யலாம். அளந்தபின் வரும் விடையைத் தெரிவு செய்ய முடியாது. ஊர்வழக்கு என்ற சொல் முதலாவதை மட்டுமே தொடுகிறது.

இரண்டாவது தடை இதைவிடக் கூர்மையானது. 2001இல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வில், வெள்ளைத் திராட்சை மதுவுக்கு மணமற்ற சிவப்புச் சாயம் சேர்த்துக் கொடுத்தபோது, போர்தோவில் மதுவியல் பயின்ற 54 மாணவர்கள் அதைச் சிவப்பு மதுவுக்குரிய சொற்களாலேயே வருணித்தார்கள். பயின்ற நாக்கே கண்ணுக்கு அடிமையானால், அதன் சாட்சியத்தை ஏன் நம்ப வேண்டும்? இதற்கும் அளவை நூலார் விடை வைத்திருக்கிறார்கள். கயிறு பாம்பாகத் தோன்றுவதைத் திரிவுக் காட்சி என்றார்கள். அதற்காகக் கண்ணைப் பொய்ப்பொறி என்று தள்ளவில்லை. பிழை என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், சரி என்று ஒன்று இருந்தாக வேண்டும். அந்த மாணவர்கள் தவறினார்கள் என்று நாம் சொல்வதே, கிண்ணத்தில் உண்மையில் ஏதோ இருந்தது என்பதை ஒப்புக்கொண்டுதான். திரிவுக்கு மருந்து காட்சியைக் கைவிடுவதல்ல, திரிவுக்குக் காரணமானதை நீக்குவது. போட்டியில் பெயரை மறைத்துப் பியர் ஊற்றுவதும், தேயிலைக்கு 100 மில்லிலீற்றருக்கு 2 கிராம், 6 நிமிடம் என்று சர்வதேசத் தரமொன்று ஒரே அளவு வைத்ததும் இதற்காகவே.

மிகப் பெரிய தடை சமயத்தினுடையது. கொழும்பின் கொட்டாஞ்சேனையைப் பாருங்கள். புனித லூசியா பேராலயத் திருப்பலியில் திராட்சை இரசம் கிறிஸ்துவின் இரத்தமாகிறது. அதே வட்டாரத்துப் பௌத்த விகாரையில் மயக்கும் பானத்தைத் தவிர்ப்பது பஞ்சசீலத்தின் ஐந்தாவது; போயா தினத்தில் மதுக்கடைகள் பூட்டிக் கிடக்கும். பொன்னம்பலவாணேசர் கோயிலுக்குப் போகும் சைவருக்குத் திருக்குறளின் கள்ளுண்ணாமை அதிகாரம் போதும். குடிக்கலாமா என்ற கேள்விக்கு இங்கே ஒரே விடை இல்லை. ஆனால் கிண்ணத்தில் கராம்பு மணக்கிறதா என்பதற்கு மூவருக்கும் ஒரே விடைதான். ஆகவே சுவையறிவு குடிப்பதற்கு அனுமதிச் சீட்டு ஆகாது. பியரின் விடயத்தில் தடை இன்னும் வலியது என்பதையும் மறைக்கக் கூடாது: மது, அதை மதிப்பிட வேண்டிய அறிவையே மிடறுக்கு மிடறு மங்கச் செய்கிறது. தேயிலைச் சுவைப்பாளரைப்போலத் துப்பாமல் விழுங்கும் நடுவர், தம் அளவுகோலைத் தாமே தேய்க்கிறார். ரசனை என்ற கௌரவமான போர்வைக்குள் குடிப் பழக்கம் புகுந்து குடும்பங்களை அழிப்பதும் நம் கண்முன் நடப்பதே. விரதம் காப்பவர் அந்தக் கிண்ணத்தைத் தொடாதிருப்பது முழுதும் நியாயம். ஆனால் எல்லாம் ஒரே நஞ்சு, அதில் அறிய ஒன்றுமில்லை என்று அவர் சொன்னால், ஒழுக்கத்தைக் காக்க அறிவைப் பொய்யாக்குகிறார். ஒழுக்கத்துக்கு அந்த உதவி தேவையில்லை. சமயம் அஞ்ச வேண்டியது "இன்னும் வேண்டும்" என்ற அராகத்தை. "இது இன்னது" என்ற தெளிவை அல்ல.

அந்தத் தெளிவைக் கடமை என்றே சொல்ல வேண்டும். சுவை தனிமனித விருப்பம் என்று விட்டுவிட்டால், அதன் நட்டம் சுவைப்பவரைச் சேராது. தேயிலைச் சிறு தோட்டக்காரருக்குத் தொழிற்சாலை கொடுக்கும் பச்சைக் கொழுந்தின் விலை, கொழும்பு ஏலத்தில் கிடைத்த விலையை ஒட்டியே கணிக்கப்படுகிறது. மலையகத் தோட்டத் தொழிலாளர் சம்பள உயர்வு கேட்கும் போதெல்லாம் தேயிலை விலை ஒரு வாதமாக எதிரே வைக்கப்படுகிறது. கொழுந்து பறித்தவர்கள் சுவைப்பாளரின் மேசையருகே இல்லை. அவர்களுடைய உழைப்பின் சார்பில் அங்கே இருப்பது கிண்ணத்திலுள்ள சாறு மட்டுமே. சுவைப்பவர் தம் விருப்பத்தையோ, மாதிரியின் மேல் எழுதிய பெயரையோ தீர்ப்பாகச் சொன்னால், அது இன்னொருவரின் கூலியைத் தொடும் பொய்ச்சாட்சி. நாவடக்கம் என்பதை உண்ணாதிருப்பது, பேசாதிருப்பது என்ற இரண்டோடு நாம் நிறுத்திக்கொண்டோம். நாக்கு அறிந்ததைத் தன் ஆசை கலக்காமல் சொல்வதும் நாவடக்கமே. உண்ணாதிருப்பவர் தம்மைக் காக்கிறார். கலப்பின்றிச் சொல்பவர் தாம் ஒருபோதும் சந்திக்காத ஒருவருக்கு நீதி செய்கிறார்.