கை உயர்த்தாத பெண்

1972 மார்ச்சில் புறப்பட்ட பயனீர் 10 விண்கலத்தில் ஒரு சிறிய தகடு பொருத்தப்பட்டிருக்கிறது. ஒன்பது அங்குல நீளம், ஆறு அங்குல அகலம், பொன்னிறம் ஏற்றிய அலுமினியம். சூரியக் குடும்பத்தைத் தாண்டிப் போகும் அந்தக் கலத்தை என்றாவது யாராவது கண்டெடுத்தால், அனுப்பியவர்கள் யார் என்று தெரியவேண்டுமே, அதற்காக. தகட்டில் ஆடையில்லாமல் ஓர் ஆணும் பெண்ணும் நிற்கிறார்கள். ஆண் வலக்கையை உயர்த்தி முகமன் சொல்கிறான். பெண்ணின் கைகள் இரண்டும் கீழே தொங்குகின்றன.

வகுப்பில் இந்தப் படத்தைக் காட்டினால் மாணவிகள் முதலில் சிரிப்பார்கள். பிறகு யாராவது ஒருத்தி கேட்பாள்: "மேடம், அங்கே போயும் அவர்தான் பேசுவாரா?"

வரைந்தவர் ஒரு பெண், லிண்டா சால்ஸ்மன் சாகன். அவர் கணவரும் தகட்டை வடிவமைத்தவர்களில் ஒருவருமான கார்ல் சாகன் இதற்கு விளக்கம் எழுதியிருக்கிறார். இருவரும் கைகோத்து நிற்பதாக வரையத்தான் முதலில் நினைத்தார்கள். பார்ப்பவர்கள் இரண்டையும் சேர்த்து ஒரே பிராணி என்று எண்ணிவிடக்கூடும் என்பதால் அதைக் கைவிட்டார்கள். இருவருமே கையைத் தூக்கினால், மனிதக் கை எப்போதும் அப்படியே மடங்கியிருக்கும் என்று தோன்றிவிடலாம். ஆக ஒருவர் கை உயரவேண்டும், மற்றவர் கை சும்மா இருக்கவேண்டும். நல்ல யோசனைதான், அதோடு எனக்குச் சண்டையில்லை. சும்மா இருக்கவேண்டிய கை யாருடையது என்ற இடத்தில் மட்டும் ஒரு காரணமும் தேவைப்படவில்லை. காரணம் சொன்னால் நாம் எதிர்வாதம் செய்யலாம். காரணமே கேட்கப்படாத இடத்தில் யாரோடு வாதாடுவது?

இன்னொன்றும் உண்டு. ஆணின் உறுப்பு வரையப்பட்டிருக்கிறது. பெண்ணுக்கு இருக்கவேண்டிய ஒரு சிறு கோடு இல்லை. கிரேக்கச் சிலைகளிலும் அந்தக் கோடு இருப்பதில்லை என்றார் சாகன். நாசா ஒப்புக்கொள்ளாதோ என்ற தயக்கமும் இருந்ததாம். கண்டெடுக்கப்போகிறவர்களுக்குக் கிரேக்கச் சிற்ப மரபு தெரிந்திருக்கும் என்று நம்பினார்களா, தெரியவில்லை.

ஐந்தாண்டுகள் கழித்து வாயேஜர் கலங்களில் ஒலித்தட்டுகள் போயின. 55 மொழிகளில் வாழ்த்து. தெலுங்கு உண்டு, கன்னடம் உண்டு, சிங்களம் உண்டு, தமிழ் இல்லை. இதைச் சொன்னால் தமிழ்த்துறை நண்பர்கள் கொதித்துப்போகிறார்கள். எனக்கும் வருத்தம்தான். ஆனால் தமிழ் போயிருந்தால் யார் வாயால் போயிருக்கும் என்றும் நினைத்துக்கொள்வேன். அந்தத் தட்டில் இந்திய இசைக்கு இருக்கும் ஒரே பாடல் கேசர்பாய் கேர்க்கர் பாடியது. கோவாவில், கோயிலையும் கலையையும் சார்ந்து வாழ்ந்த பெண்களின் மரபில் வந்தவர். நம் ஊர்த் தேவரடியார் மரபுக்கு நேர்ந்தவற்றை அறிந்தவர்களுக்கு இது வெறும் தகவல் அல்ல. வாயேஜர் 1 கிளம்பியது 1977 செப்டம்பர் 5. அவர் இறந்தது அதே மாதம் 16.

அனுப்புவதை விட்டுத் தேடுவதற்கு வருவோம். 1960இல் பிராங்க் டிரேக் அமெரிக்காவின் கிரீன் பேங்கில் ஒரு ரேடியோ தொலைநோக்கியை இரண்டு விண்மீன்கள் பக்கம் திருப்பியதிலிருந்து தேடப்படுவது அறிவு என்று சொல்லப்படுகிறது. உண்மையில் அறிவை நேராகத் தேட முடியாது. அலை அனுப்பும் கருவி எங்காவது இருக்கிறதா என்றுதான் தேட முடியும். இத்துறைக்கே வாழ்நாளைக் கொடுத்த ஜில் டார்ட்டர் இதை ஒளிக்காமல் சொல்கிறார். இந்த அளவுகோலை நம்மீது வைத்தால், வெள்ளிவீதியார் வாழ்ந்த பூமியில் அறிவு இல்லை. கருவிக்கு எல்லை இருப்பது குற்றமல்ல. கருவிக்கு எட்டாதது இல்லவே இல்லை என்று ஆகிவிடுவதுதான் பிரச்சினை. அது பெண்களுக்குப் பழகிய பிரச்சினை. நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாள் முழுக்க வீட்டுவேலை மட்டும் செய்கிறவள் 'வேலை செய்யாதவர்' பட்டியலில்தான் வருகிறாள்.

நாசா தன் பெரிய தேடலைத் தொடங்க 1992 அக்டோபர் 12ஐத் தேர்ந்தெடுத்தது. கொலம்பஸ் கரையிறங்கிய 500ஆம் ஆண்டு நாள். தொலைநோக்கிகளில் ஒன்று போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோவில் இருந்தது, கொலம்பஸே காலடி வைத்த தீவில். மறு ஆண்டே அமெரிக்க நாடாளுமன்றம் நிதியை நிறுத்திவிட்டது. வேற்றுலகத்தார் வந்தால் கொலம்பஸ் வந்தபோது அமெரிக்கப் பழங்குடிகளுக்கு நேர்ந்ததுபோல ஆகும் என்று பின்னாளில் ஸ்டீபன் ஹாக்கிங் எச்சரித்தார். கப்பலில் வந்தவர்களின் வாரிசுகளுக்கு இந்தப் பயம் கற்பனை. கரையில் நின்றவர்களுக்கு அது வரலாறு.

இந்தக் கதையில் எனக்கு நெருக்கமானவர் வேற்றுலகத்தாரைத் தேடவே இல்லை. 1967இல் ஜோசலின் பெல் கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவி. தொலைநோக்கியைக் கட்டும் வேலையில் கம்பி இழுத்தவர்களில் அவரும் ஒருவர். பிறகு நாளுக்கு ஏறக்குறைய முப்பது மீட்டர் வரைபடத்தாள், எல்லாம் கண்ணால் பார்த்து முடிக்கவேண்டும். அதில் அரை சென்டிமீட்டர் அளவுக்கு ஒரு கிறுக்கல். அது மீண்டும் அதே வானப் பகுதியிலிருந்து வந்தது. விரிவாகப் பதிவு செய்தபோது 1.3 நொடிக்கு ஒருமுறை துடித்தது. மனிதர்கள் உண்டாக்கிய இடையூறாகத்தான் இருக்கும் என்றார் வழிகாட்டி. அப்படியில்லை என்று தெரிந்ததும் பாதி வேடிக்கையாக அதற்குப் 'பச்சைக் குள்ளர்கள்' என்று பெயர் வைத்தார்கள். முனைவர் பட்டத்தை முடிக்கப் பாடுபடும் நேரத்தில் யாரோ குள்ளர்கள் என் அலைவரிசையைப் பிடித்துக்கொண்டு தொல்லை தருகிறார்களே என்று அவருக்கு எரிச்சல். முனைவர் பட்டம் செய்த எவளுக்கும் அது புரியும்.

செய்தியாளர்கள் வழிகாட்டியிடம் வானியல் கேட்டார்கள். பெல்லிடம் எத்தனை காதலர்கள் என்றும் உடல் அளவு என்ன என்றும் கேட்டார்கள். 1974இல் நோபல் பரிசு ஆண்டனி ஹியூவிஷுக்கும் மார்ட்டின் ரைலுக்கும் போனது. 2018இல் தனக்குக் கிடைத்த 30 லட்சம் டாலர் பரிசை, இயற்பியலில் இடம் கிடைக்காத பிரிவினர் படிக்கட்டும் என்று கொடுத்துவிட்டார்.

குள்ளர்களை ஒழித்ததும் அவர்தான். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்புவதற்கு முன், வானத்தின் வேறொரு மூலையில் இன்னொரு கிறுக்கலைக் கண்டார். இரண்டு இடத்து உயிர்கள் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி பூமிக்கு அலை அனுப்புவார்களா? அந்தப் பகுதி நள்ளிரவுக்குப் பிறகுதான் தொலைநோக்கியின் பார்வைக்குள் வரும். குளிரில் கருவி சரியாக ஓடவில்லை. பொத்தான்களைத் தட்டினார், வாயால் ஊதிச் சூடேற்றினார், திட்டினார். ஐந்து நிமிடம் ஓடியது. வேண்டிய ஐந்து நிமிடம் அதுதான். 1.2 நொடிக்கு ஒரு துடிப்பு. தாளை வழிகாட்டியின் மேசைமேல் வைத்துவிட்டு ஊருக்குப் போனார்.